டொலறஸ் கூட்டிவந்த ரெட்விக்

டொலறஸ் அக்காவை, லண்டனின் சட்டன் பகுதியில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்துக் குருநகரில் பிறந்தவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கணவரோடு லண்டனுக்கு வந்தவர். கணவர் மாரடைப்பில் போன பிறகு, வயதானவர்களைப் பராமரிக்கிற வேலை செய்தே ஒரே மகன் டெனுசனைப் படிக்கவைத்தார். சத்தமாகச் சிரிப்பார். பூசை முடிந்ததும் வாசலில் நின்று நாலு பேரோடு கதைக்காமல் வீட்டுக்குப் போகமாட்டார். திடீரென்று அந்தச் சிரிப்பு குறைந்தபோது, மகனோடு ஏதும் மனத்தாங்கலோ என்றுதான் நாங்கள் நினைத்தோம். நடந்ததை அவர் எனக்குச் சொன்னது வெகுநாள் கழித்து.

அப்போது அவர் ஹாலண்ட் பார்க்கில், எலனோர் ரெட்விக் என்ற அமெரிக்க மூதாட்டியின் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். ஒஹாயோ மாநிலத்தில் ரெட்விக் என்பது பெரிய பெயர். எலனோரின் பூட்டனார் கண்ணாடிப் போத்தல் செய்து பணம் சேர்த்தார். பாட்டனார் அந்தப் பணத்தில் ரயில் பாதையும் வங்கியும் வாங்கினார். தகப்பனார் செனட்டர். நூலகம், ஆஸ்பத்திரி, கல்லூரி மண்டபம் என்று அவர்கள் ஊரில் எங்கே திரும்பினாலும் அந்தப் பெயர் பொறித்திருக்குமாம். லண்டன் வீட்டின் கூடத்திலும் அந்த ஆண்களின் ஓவியங்கள் வரிசையாகத் தொங்கின. எல்லோருக்கும் ஒரே நீண்ட தாடை, தூக்கத்தில் பாதி விழித்ததுபோல ஒரே தாழ்ந்த இமை.

எலனோர் கல்யாணம் செய்யவில்லை. இருபத்திரண்டு வயதில் லண்டனுக்கு வந்தவர் பிறகு திரும்பிப் போகவே இல்லை. இந்த ஊர் பிடித்துப்போயிருக்கும் என்று டொலறஸ் நினைத்தார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், வியாழக்கிழமை, "கோட்டைப் போட்டுக்கொள். குரோய்டனுக்குப் போகவேண்டும்" என்றார் எலனோர்.

குரோய்டனில் ட்ராம் பாதைக்குப் பக்கத்தில் ஒரு பராமரிப்பு இல்லம். உள்ளே ஜன்னலோரம் இருந்த கிழவர் இவர்களைக் கண்டதும் "எல்லி! எல்லி!" என்று கத்திக்கொண்டு எழுந்தார். டொலறஸ் திகைத்துப்போய் நின்றார். கூடத்து ஓவியங்களில் இருந்த அதே தாடை, அதே இமை.

"இவன் வால்ட்டர். என் தம்பி" என்றார் எலனோர்.

திரும்பி வரும்போது காரில் எலனோர் எல்லாவற்றையும் சொன்னார். பிறக்கும்போது வால்ட்டருக்கு மூச்சு அடைத்துவிட்டது. உடம்பு வளர்ந்தது, அறிவு ஐந்து வயதோடு நின்றுவிட்டது. அவனுக்கு ஒன்பது வயதானபோது தகப்பனார் முதல்தடவையாகத் தேர்தலில் நின்றார். குடும்பப் படம் பத்திரிகையில் வரவேண்டும். படத்தில் அவன் வாயைத் திறந்துகொண்டு நின்றான். அந்தக் கோடையிலேயே அவனை இங்கிலாந்துக்கு அனுப்பி, லண்டனுக்குப் பக்கத்தில் சறேயில் இருந்த பெரிய விடுதி ஒன்றில் வேறு பெயரில் சேர்த்துவிட்டார்கள். ஊரில் அவன் காய்ச்சலில் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். எலனோரும் அதை நம்பித்தான் வளர்ந்தார். தாய் சாகும் தறுவாயில் உண்மையைச் சொன்ன பிறகே கப்பல் ஏறினார்.

"உன் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்?" என்று எலனோர் கேட்டார்.

டொலறஸுக்கும் அப்படி ஒரு தம்பி இருந்தான். கஸ்பர். கோயிலில் முன்வரிசையில் இருந்து, எல்லோரும் பாடி முடித்த பிறகும் தனியாகப் பாடிக்கொண்டிருப்பான். அவன் செத்தபோது குருநகரே திரண்டு வந்தது.

"எங்கள் கஸ்பரை ஒளித்துவைக்க எங்கள் வீட்டில் இரண்டாவது அறையே இருக்கவில்லை, மேடம்" என்றார் டொலறஸ்.

எலனோர் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதன்பிறகு ஒவ்வொரு வியாழனும் இரண்டுபேரும் போனார்கள். டொலறஸ் பட்டர் கேக் செய்து கொண்டுபோவார். வால்ட்டர் அவரை 'டோலி' என்று கூப்பிடுவார். கேக்கின் முதல் துண்டை அக்காவுக்கு ஊட்டிய பிறகுதான் தான் சாப்பிடுவார். எலனோருக்கு முழங்கால் முடியாமல் போய், சக்கர நாற்காலியில் போகவேண்டி வந்தபோதும் வியாழக்கிழமை தப்பவில்லை.

எண்பத்திரண்டாவது வயதில், ஒரு மார்ச் மாதம், எலனோர் தூக்கத்திலேயே போய்விட்டார்.

அவருடைய மூத்த அண்ணன் காலமாகிப் பல வருடமாகிறது. அந்த அண்ணனின் மகன் பிரெஸ்டன் அமெரிக்காவிலிருந்து வந்தார். மரியாதையான மனிதர். டொலறஸின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். லண்டனில் ஒரு ஆராதனை, பிறகு உடலை ஒஹாயோவுக்குக் கொண்டுபோய்க் குடும்பக் கல்லறையில் வைப்பது என்று ஏற்பாடு. டொலறஸ் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஐயா, வால்ட்டருக்கு யார் சொல்வது? ஆராதனைக்கு அவரையும் கூட்டிவரவேண்டாமா?"

பிரெஸ்டன் அறைக் கதவைச் சாத்தினார். "அது என் தாத்தா எடுத்த முடிவு. அவருக்கு ஒரு குறையும் இல்லாமல் நாங்கள் பார்த்துவருகிறோம். இப்போது இதைக் கிளறினால் யாருக்கு நன்மை? அவருக்குப் புரியவா போகிறது?"

"வியாழக்கிழமை என்றால் காலையிலிருந்தே கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார், ஐயா. அவருக்குப் புரியும்."

பிரெஸ்டன் முடியாது என்று தலையை அசைத்தார். அத்தோடு பேச்சு முடிந்தது.

வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னார் டொலறஸ். டெனுசன் பயந்தான்.

"அம்மா, அவையின்ர குடும்ப விசயத்தில தலையிட நாங்கள் ஆர்? பெரிய ஆக்கள். பிறகு பிரச்சினை வரும்."

"நான் தலையிடேல்லை. ஒரு தம்பியை அவற்ர அக்காவின்ர செத்தவீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போறன். உனக்கு ஏலாது எண்டால் சொல்லு, நான் ட்ராமில போறன்."

டெனுசன் காரை எடுத்தான். இல்லத்தில் டொலறஸை எல்லோருக்கும் தெரியும். வால்ட்டரை வெளியே அழைத்துப்போக எலனோர் ஏற்கெனவே அவருக்கு அனுமதி வாங்கி வைத்திருந்தார். இல்லத்து ஊழியர் ஒருவரும் கூட வந்தார். கறுப்புக் கோட்டும் டையும் போட்டு வால்ட்டர் ஏறி உட்கார்ந்தார். எல்லி செத்துப்போனார் என்று டொலறஸ் காரில் மெதுவாகச் சொன்னார். வால்ட்டர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எல்லியிடம் போகிறோமா?" என்றார்.

தேவாலயத்தில் தூதரகத்துக்காரர்கள், எலனோர் நன்கொடை கொடுத்துவந்த ஓவியக்கூடத்துக்காரர்கள், அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர்கள். போதகர் பேசிக்கொண்டிருந்தார். இவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். பெட்டியின்மேல் வைத்திருந்த எலனோரின் படத்தைக் கண்டதும் வால்ட்டர் எழுந்துவிட்டார். டொலறஸ் கையைப் பிடித்தார், நிற்கவில்லை. நடுப் பாதையால் நேராக நடந்துபோய்ப் பெட்டிமேல் இரண்டு கையையும் வைத்து, "எல்லி, எழும்பு. இன்றைக்கு வியாழக்கிழமை இல்லை, ஆனாலும் நான் வந்திருக்கிறேன்" என்று உரத்துச் சொன்னார்.

போதகர் நிறுத்திவிட்டார். முன்வரிசையில் இருந்த வயதான உறவுக்காரப் பெண் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த முகத்தை அங்கே யாருக்கும் அறிமுகம் செய்யவேண்டி இருக்கவில்லை.

பிரெஸ்டன் எழுந்து வந்தார். முகம் வெளுத்திருந்தது. கையை நீட்டினார். வால்ட்டர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அவரை உற்றுப் பார்த்தார்.

"நீ யார்?"

பிரெஸ்டன் சுற்றிவரப் பார்த்தார். எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எலனோருடைய ஒரு நண்பன்" என்றார்.

வால்ட்டர் சந்தோஷமாகத் தலையாட்டினார். டொலறஸ் அவரைத் தோளோடு அணைத்து வெளியே கூட்டிவந்தார். காரில் ஏறிய பிறகு வால்ட்டர் அழத் தொடங்கினார். குரோய்டன் வரைக்கும் அழுதார். டெனுசனும் அழுதுகொண்டே காரை ஓட்டினான்.

அடுத்த வியாழன் கேக்கோடு இல்லத்துக்குப் போன டொலறஸை வாசலிலேயே மேலாளர் நிறுத்தினார். அவருக்கும் சங்கடம்தான். வால்ட்டருக்கான செலவைக் கட்டுகிற குடும்ப அறக்கட்டளையின் வக்கீல்கள் பேசியிருந்தார்கள். உறவினர் அல்லாத யாரும் இனிமேல் அவரைப் பார்க்கக்கூடாது. உறவினர் என்று வருவதற்கு யாரும் இல்லை. உள்ளே வால்ட்டர் கதவைப் பார்த்தபடி இருப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. கேக்கையாவது கொடுக்கும்படி கேட்டுவிட்டு டொலறஸ் ட்ராம் நிறுத்தத்தில் வந்து நின்றார்.

அவர் சும்மா இருக்கவில்லை. கவுன்சிலுக்குப் போனார். வால்ட்டருக்காகப் பேச ஒரு சமூக சேவகியை நியமிக்கச் சொன்னார். கூட்டத்துக்குமேல் கூட்டம். டெனுசன் வேலையில் லீவு எடுத்து ஒவ்வொன்றுக்கும் கூடவே போனான். சமூக சேவகி நல்ல பெண். விடாமல் அலைந்தாள். கடைசியில், பழகியவரைப் பார்ப்பது அவருடைய உரிமை என்று தீர்மானமாகி அனுமதி கிடைத்தபோது இலையுதிர் காலமாகிவிட்டது.

டொலறஸ் ஓடிப்போனார். வால்ட்டர் ஜன்னலோர நாற்காலியில் இல்லை. கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பாதியாகிவிட்டிருந்தார். கோடையிலேயே கதவைப் பார்ப்பதை விட்டுவிட்டார் என்று ஊழியர் சொன்னார். "டோலி வந்திருக்கிறேன்" என்றபோது திரும்பினார். கோபமோ சந்தோஷமோ தெரியவில்லை. கேக்கை வாயில் வைத்தார், விழுங்கவில்லை. டொலறஸ் அதன்பிறகு வியாழன் என்று நாள் பார்க்காமல் அடிக்கடி போய்வந்தார். சிலநாள் வால்ட்டர் அவருடைய விரலைப் பிடித்துக்கொள்வார். பேச்சு திரும்பி வரவே இல்லை. ஜனவரியில் நெஞ்சுச் சளி கட்டி இறந்துபோனார்.

ஒஹாயோவில் குடும்பக் கல்லறையில் அக்காவுக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்று இல்லத்தார் வக்கீல்களைக் கேட்டார்கள். உள்ளூரிலேயே செய்துவிடும்படி பதில் வந்தது. குரோய்டனில் தகனம். டொலறஸ், டெனுசன், சமூக சேவகி, இல்லத்திலிருந்து இரண்டு பேர். ஜெபம் சொல்ல யாரும் வராததால் டொலறஸ் தனக்குத் தெரிந்ததைத் தமிழில் சொன்னார். சொல்லப்பட்ட பெயர், அவரைச் சேர்த்தபோது கொடுத்த அந்த வேறு பெயர்தான். ரெட்விக் என்று யாரும் சொல்லவில்லை.

இதையெல்லாம் கோயில் மண்டபத்தில் பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கிக்கொண்டே அவர் எனக்குச் சொன்னார்.

"அண்டைக்கு நான் அவரைக் கூட்டிக்கொண்டு போகாமல் விட்டிருந்தால், அந்த மனிசன் இப்பவும் ஜன்னலுக்குப் பக்கத்தில இருந்திருப்பார்."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ அக்கா. அக்காக்காரிக்குப் பிரியாவிடை சொல்லுற பாக்கியத்தை நீங்கள்தானே அவருக்குக் குடுத்தனீங்கள்."

"ஓம். எல்லாரும் அதைத்தான் சொல்லுகினம். டெனுசனும் சொல்லுறான்." கதிரையைத் தூக்கியவர் அப்படியே நின்றார். "ஆனால் அதுக்குப் பிறகு தனிய இருந்தது நானில்லை, அவரல்லோ."

 மற்றப் பக்கத்துக் கதிரைகளை நான் எடுக்கத் தொடங்கினேன். இப்போது கிங்ஸ்பரியில் ஒரு வீட்டில் அவருக்குப் புது வேலை, நம்மாட்கள்தான். ரயில் பிடிக்க நேரமாகிறது என்று கோட்டைப் போட்டுக்கொண்டு போனார்.