முத்திரை வாங்கிய தூக்குவாளி

தூக்குவாளியில் வாய்வரை தண்ணீர் ஊற்றி, மூடியை அழுத்தி, அதை அப்படியே தன் மடிமேல் கவிழ்த்துப் பிடிப்பார் ஹாஜிரா. பார்க்கிறவர்களுக்குத்தான் பதறும். "ஒழுவுனா என் சேலதான நனையும், உங்க சாம்பார் பத்திரம்" என்பார். சேலை நனைந்து யாரும் பார்த்ததில்லை.

முதலியார்பேட்டையில் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் தகடு அழுத்தும் ஒரு பிரஸ், பாலிஷ் மோட்டார், ஹாஜிராவைச் சேர்த்து நான்கு பெண்கள். அதுதான் அவருடைய எவர்சில்வர் பட்டறை. கணவர் தாஜுதீன் இறந்ததும் பட்டறையை விற்றுவிடச் சொன்னார்கள் உறவுக்காரர்கள். "விக்கிறதுன்னா பாத்திரத்த விக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய் மோட்டாரைப் போட்டார். வாய் அதிகம், வேலை அதைவிட அதிகம். டீயைப் புதுச் சம்படத்தின் மூடியில் ஊற்றித்தான் குடிப்பார். மூடி சூடு தாங்குகிறதா என்று பார்க்கிறாராம்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத எவர்சில்வர் பாத்திரத்தை இனி விற்கவே கூடாது என்று சட்டம் வந்தபோது, சிறு பட்டறைக்காரர்கள் பலர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். ஹாஜிரா விண்ணப்பம் போட்டார். சோதனைக்கான தூக்குவாளிகளை முகம் தெரியும்படி தேய்த்தார். அனுப்புமுன் கைப்பழக்கத்தில் ஒரு காரியம் செய்துவிட்டார். ஒவ்வொன்றிலும் 'ஹாஜிரா, முதலியார்பேட்டை' என்று பெயர் வெட்டிவிட்டார். பெயர் வெட்டாத பாத்திரம் போன வீட்டிலேயே தங்கிவிடும் என்பது யாருக்குத்தான் தெரியாது?

சென்னைச் சோதனைக்கூடத்தில் தலையில் அடித்துக்கொண்டார்கள். யார் வீட்டுச் சரக்கு என்று தெரியவே கூடாதாம். அது போக, உளி பட்ட பாத்திரத்தில் துருச் சோதனை செல்லாதாம். அத்தனையும் திரும்பி வந்தன. "பேரு வெட்டுனதாலதான் பத்திரமா வந்துடுச்சி" என்று சிரித்தார் ஹாஜிரா. ஆனால் அன்றைக்கு அவர் டீ குடிக்கவில்லை.

அதற்குள் சட்டம் கொடுத்திருந்த கெடு முடிந்தது. நேரு வீதியில் பாத்திரக் கடை வைத்திருக்கும் அன்பழகன், அபராதத்துக்குப் பயந்து, ஹாஜிராவின் சரக்கை ஆட்டோவில் ஏற்றித் திருப்பி அனுப்பினார். பாலிஷ் போடும் வீராயி, வேறு வேலை பார்த்துக்கொள்ளட்டுமா என்று மெல்லக் கேட்டாள்.

"நா மூடுனா நீ போ. நா மூடல."

மறுபடி புதுத் தூக்குவாளிகள் சென்னைக்குப் போயின. இந்தத் தடவை, அவை வண்டி ஏறும்வரை, பெயர் வெட்டும் உளியை முந்தானையில் முடிந்துகொண்டு வாசலிலேயே நின்றாள் வீராயி.

முத்திரை கிடைத்தது. பட்டறையில் எழுந்த கூச்சலைக் கேட்டு, என்னவோ ஏதோ என்று பக்கத்து வீட்டார் ஓடிவந்தார்கள். ஊரையே கூட்டியிருந்தாலும் தகும்.

முத்திரை போட்ட முதல் சரக்கை ஏற்றிக்கொண்டு ஹாஜிராவே அன்பழகன் கடைக்குப் போனார். "வாங்கக்கா, கீழ்த்தட்டுல எடம் ஒழிச்சி வெச்சிருக்கேன்" என்றார் அவர், முகத்தைப் பார்க்காமல். ஹாஜிரா நேரே வாசல் பக்கம் போனார். வாசல் கண்ணாடிக்குள் நின்ற பெரிய கம்பெனி டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழ்த்தட்டில் அடுக்கினார். காலியான இடத்தில் தன் தூக்குவாளிகளை வைத்தார். வீதியைக் கடந்து எதிர்ச்சாரியில் நின்று பார்த்தார். திரும்பி வந்து, கடைசித் தூக்குவாளியின் முத்திரை வெளியே தெரியும்படி, அதை ஒரு விரற்கடை திருப்பி வைத்தார்.