கருவாட்டுப் புகை போன பக்கம்

மலைமேல் இருக்கும் பிரிஞ்சாங் சந்தையில் கடைக்காரர் கருவாட்டுப் பெட்டியைத் திறந்ததும் பக்கத்தில் நின்ற ஆள் மூக்கைப் பொத்தினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுபதுகளில் எங்கள் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியும் இப்படித்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

அம்மா பங்கோர் தீவில் பிறந்தவள். கல்யாணமாகித் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த பிறகும் தீவுக் கருவாட்டை அவள் விடவில்லை. மீனைக் கீறி, கல் உப்பை அப்பி, இரண்டு நாள் சாடியில் அமுக்கி வைப்பாள். தீவில் மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். இங்கே ஏது வெயில்? பனிமூட்டத்தில் முதல் சாடி மீன் முழுக்கப் புழு வைத்தது. அடுத்த தடவை வெந்நீர் அடுப்புக்கு மேலே கம்பி கட்டித் தொங்கவிட்டாள். மீன் கட்டையாகக் காய்ந்தது.

“கருவாட்டு வாடையத் தேயில இழுத்துக்கும். தொரைக்குத் தெரிஞ்சா வீட்டக் காலி பண்ணச் சொல்லிடுவாரு,” என்றார் கிராணி.

“காத்து பேக்டரிலேர்ந்து கீழதான வருது லா, கிராணியாரே. ஒங்க தேயில வாடைதான் எங்க மீனுல ஏறுது. அத யாருகிட்ட சொல்றது?” என்றாள் அம்மா.

தொழிலாளர் வீட்டு வரிசையான லயமே சிரித்தது. கிராணி கோபத்தில் துரையையே கூட்டி வந்துவிட்டார். அம்மா அடுப்பில் ஈர விறகைத் திணித்தாள். புகை பேக்டரிக்கு முதுகைக் காட்டிப் பள்ளத்தில் இறங்கியது. துரை புகையைப் பார்த்தார், கிராணியை முறைத்தார், ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அன்றைக்கு லயத்தில் எல்லா வீட்டிலும் அம்மாவின் கருவாட்டுக் குழம்புதான்.

நான் ஒரு கிலோ வாங்கினேன். கடைக்காரர் பையை எடுத்தார். “பை வேணாம் லா,” என்று சொல்லிவிட்டு, கருவாட்டைக் கையில் பிடித்தபடி மூக்கைப் பொத்திய ஆளை உரசிக்கொண்டு நடந்தேன்.