லோர்னா வாசெக் வீடு வாங்கிய வாரம்

எல்ம் தெருவில் இருக்கும் அந்தச் சாம்பல் நிற வீடு இப்போது லோர்னா வாசெக்கின் சொந்த வீடு. பத்தொன்பது வருடம் அவள் வாடகை கொடுத்துக் குடியிருந்த வீடுதான். போன அக்டோபரில் ஒரு வாரம் அது கைநழுவிப் போகப் பார்த்தது. நல்லவேளையாகப் போகவில்லை. பக்கத்திலிருந்து பார்த்தவன் என்பதால் அதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்து ஓட்டுநர்களில் லோர்னாதான் மூத்தவள். அறுபத்தொரு வயது. முப்பத்துமூன்று வருடமாகப் பதினான்காம் எண் வண்டி. நெப்ராஸ்காவில் பனி கொட்டுகிற மாதங்களிலும் அவள் ஒரு தடவைகூட வண்டி எடுக்காமல் இருந்ததில்லை. நான் அந்தப் பேருந்துக் கொட்டகையில் மெக்கானிக். ஆள் குறைந்தால் வண்டியும் ஓட்டுவேன்.

அவளுக்குப் பிடிக்காதது கட்டணம் என்று எவனாவது கை நீட்டுவது. வேறு வங்கியின் இயந்திரத்தில் பணம் எடுத்தால் மூன்று டாலர் பிடிப்பார்கள் என்பதற்காக, ஆறு மைல் தள்ளித் தன் வங்கிக்கே போய் எடுப்பாள். அதற்கு ஆகிற பெட்ரோலைப் பற்றி அவள் கணவர் ரோலி ஏதாவது சொன்னால், பெட்ரோலாவது வண்டியை நகர்த்துகிறது என்பாள்.

வீட்டின் சொந்தக்காரர் கோடையில் இறந்துபோனார். அரிசோனாவில் இருக்கும் அவர் மகள் க்வென், வீட்டை விற்கப்போவதாகவும் முதல் உரிமை லோர்னாவுக்கே என்றும் கடிதம் எழுதினாள். விலை தொண்ணூற்றிரண்டாயிரம் டாலர். ஆனால் ஓமஹாவிலிருந்து ஒருவர் முழுப் பணத்தோடு காத்திருக்கிறார், அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு தலைக்கு மேல் இருக்கிறது, வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கையெழுத்தாகாவிட்டால் அவருக்குக் கொடுப்பதைத் தவிர வழியில்லை என்று வருத்தத்தோடு சொல்லியிருந்தாள்.

கடன் கிடைத்துவிட்டது. லோர்னா தன் கையிலிருந்து போட வேண்டியது, செலவெல்லாம் சேர்த்து இருபத்துமூவாயிரத்து நானூறு. அதுவும் இருந்தது. வட்டி கொஞ்சம் கூடக் கிடைக்கிறதே என்று, கிளையே இல்லாமல் இணையத்தில் மட்டும் நடக்கிற ஒரு வங்கியில் வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தாள். அதை எங்கள் ஊர் வங்கிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து, பணத்தை வாங்கிவைத்துக் கைமாற்றிப் பத்திரம் முடித்துத் தருகிற பத்திர அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும்.

செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன் உட்கார்ந்து பார்த்தாள். 'வயர்' என்று ஒரு முறை இருந்தது. அன்றைக்கே போய்ச் சேரும், முப்பது டாலர். சாதாரண முறைக்குக் கட்டணமே இல்லை, இரண்டு மூன்று நாள் ஆகும். வெள்ளிக்குத்தானே வேண்டும் என்று, ஊர் வங்கியின் செயலியைத் திறந்து, அந்தப் பணத்தை இங்கே இழுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.

வியாழக்கிழமை மதியம் நான் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். லோர்னா வந்து குனிந்து போனை நீட்டினாள். அந்தக் கணக்கில் பூஜ்யம். இந்தக் கணக்கில் தொகை மங்கலாகத் தெரிந்தது. அதற்குக் கீழே, அடுத்த புதன்கிழமைதான் எடுக்கலாம் என்று எழுதியிருந்தது. அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. கையைத் துடைத்துக்கொண்டு அவளோடு வங்கிக்குப் போனேன்.

அங்கே டுவேன் கெட்லர் இருந்தார். நாற்பதைத் தாண்டியவர், கிளையில் இரண்டாவது இடத்தில் இருப்பவர். சிறுவயதில் பதினான்காம் எண் வண்டியில்தான் பள்ளிக்கூடம் போனவர். கணினியில் தேடிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"மிஸஸ் வாசெக், பணம் எங்கேயும் போகல. எங்ககிட்டதான் இருக்கு. ஆனா நீங்க இங்கேர்ந்து இழுத்திருக்கீங்க. இழுத்த பணம் திரும்பிப் போயிடுமோன்னு அஞ்சு வேலைநாள் பிடிச்சு வைப்போம். அங்கேர்ந்து தள்ளிவிட்டிருந்தா இந்நேரம் கையில இருந்திருக்கும்."

"இழுத்தா என்ன, தள்ளினா என்ன? ரெண்டு பக்கமும் என் பணம்தானே?"

"அது உங்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது."

"வயர்ல வாங்கியிருந்தா?"

"ரெண்டு மணி நேரம்."

லோர்னா "முப்பது டாலர்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

வேறு வழிகளை டுவேன் ஒவ்வொன்றாக யோசித்தார். திருப்பி அனுப்பிவிட்டு மறுபடி வயரில் வாங்கலாமென்றால், திரும்பிப் போகவே நாலு நாள் ஆகும். போன் செயலிகளில் ஒரு நாளைக்கு இரண்டாயிரம், மூவாயிரத்துக்கு மேல் விடமாட்டார்கள். ஒரே வழி, பிடித்து வைத்ததை விடுவிப்பது. அதற்கு லிங்கனில் இருக்கிற தலைமை அலுவலகம் சம்மதிக்க வேண்டும். பணம் உண்மையாகவே வந்து முடிந்தது என்று அந்த இணைய வங்கி வாயால் சொன்னால் சம்மதிப்பார்கள்.

"சொல்லுவாங்களான்னு தெரியல" என்றார் டுவேன்.

"மூணாங்கிளாஸ்ல என் பஸ்ல வாந்தி எடுத்தியே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு, மிஸஸ் வாசெக்."

"யார் கழுவினது?"

"நீங்கதான்."

"அப்ப போனை எடு, கண்ணு."

அவர் ஏற்கெனவே எண்ணை அழுத்திக்கொண்டிருந்தார். எதிர்முனையில் பாட்டு ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு பெண் எடுத்து, இது வேறு பிரிவு என்று மாற்றிவிட்டாள். மறுபடி பாட்டு. கணக்குக்காரி பக்கத்திலேயே இருந்து தன் விவரங்களைச் சொன்னால்தான் பேசுவோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டதால், லோர்னாவால் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை.

மணி இரண்டரை ஆனது. அவள் எழுந்துவிட்டாள்.

"பசங்க நிப்பாங்க."

நான் சாவிக்குக் கையை நீட்டினேன். முப்பத்துமூன்று வருடத்தில் அவள் அதை வேறு ஆளிடம் கொடுத்ததில்லை. சட்டென்று கொடுக்க மனம் வரவில்லை என்பது தெரிந்தது. கொடுத்த பிறகும் விடவில்லை.

"ஹார்மன் பண்ணை வாசல்ல நாய் படுத்திருக்கும், ஹாரன் அடிக்காத. கடைசி ஸ்டாப்புல ஒரு சின்னப் பொண்ணு இறங்கிட்டுக் கையாட்டுவா. பதிலுக்கு நீயும் ஆட்டணும், இல்லேன்னா வீட்டுக்குள்ள போகமாட்டா."

மக்காச்சோளம் பாதி அறுத்த வயல்களுக்கு நடுவே வண்டியை ஓட்டினேன். லோர்னாவுக்கு என்ன ஆச்சு என்று பிள்ளைகள் கேட்டார்கள். வீடு வாங்குகிறாள் என்றேன். நாய் படுத்திருந்தது. அந்தப் பெண்ணுக்கு நான் இரண்டு கையையும் ஆட்டினேன்.

நான் திரும்பி வந்தபோது லோர்னா கொட்டகை வாசலில் தன் காரில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்கப் பயமாக இருந்தது.

"விட்டுட்டாங்க" என்றாள்.

மூன்றே முக்காலுக்கு இணைய வங்கியில் ஒருவர் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்கிறார். லிங்கனும் சம்மதித்துவிட்டது. ஆனால் அன்றைய வயர் அனுப்பும் நேரம் மூன்றரையோடு முடிந்துவிட்டதால், மறுநாள் காலைதான் அனுப்ப முடியும். வங்கியே எழுதித் தருகிற காசோலை எட்டு டாலர்தான், இருபது மைல் தள்ளியிருக்கிற பத்திர அலுவலகத்துக்குப் போய் நேரில் கொடுக்கலாம். வயர் என்றால் இருபத்தைந்து டாலர், எது வேண்டும் என்று டுவேன் கேட்டிருக்கிறார்.

"நீ என்ன சொன்ன?"

"வயர்னுதான் சொன்னேன். அம்பது கேட்டாலும் குடுத்திருப்பேன்." சாவிக்குக் கையை நீட்டிக்கொண்டே, "வாங்கற பக்கம் ஏதாவது பிடிப்பாங்களான்னு மட்டும் கேட்டேன். பிடிக்கமாட்டாங்களாம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போல வண்டி ஓட்டிவிட்டு நேராக வங்கிக்குப் போனாள். பத்திர அலுவலகம் முன்பே அனுப்பியிருந்த கடிதத்தில் இருந்த எண்ணில் அவர்களைக் கூப்பிட்டு, கணக்கு எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் படிக்கச் சொல்லிச் சரிபார்த்த பிறகுதான் டுவேன் அனுப்பினாராம். பத்தே கால் மணிக்குப் பணம் வந்துவிட்டது என்று அவர்களே கூப்பிட்டுச் சொன்னார்கள். லோர்னா போனில் பேசிய பெண்ணை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

இரண்டு மணிக்குக் கையெழுத்து முடிந்தது. க்வென் அரிசோனாவிலிருந்து பேசினாள். ஓமஹாக்காரர் முந்தின நாள் இரண்டு தடவை கூப்பிட்டாராம், க்வென் போனையே எடுக்கவில்லையாம். அதைக் கேட்டதும்தான் லோர்னாவுக்கு அழுகை வந்தது என்று ரோலி பிறகு சொன்னார்.

சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ரோலி முழங்கால் வலியோடு அடுப்படியில் நின்று பீன்ஸும் கறியும் போட்டுக் காரக் குழம்பு வைத்து, அதோடு சேர்த்துச் சாப்பிட எங்கள் ஊர் வழக்கப்படி இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டியும் சுட்டிருந்தார். கூடத்துச் சோபாவில் லோர்னா காலணியைக் கூடக் கழற்றாமல் நல்ல தூக்கத்தில் இருந்தாள்.

"மெதுவா பேசு" என்றார் ரோலி. "வீட்டுக்காரி தூங்கறா."

அவள் பங்கைத் தட்டுப்போட்டு மூடி வைத்துவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம்.