அசனத்தில் இரண்டு அண்டா

வேதக்கோயிலில் ஊருக்கே போடுகிற அசன விருந்துக்குக் குழம்பு வைப்பதென்றால் அந்தச் சபையில் அப்பாத்துரைதான். மற்ற நாளெல்லாம் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர். அசனப் பண்டிகையன்று மட்டும் கோயில் வளாகத்தில் அவர் சொன்னதுதான் சட்டம். எந்தச் சாதியானாலும் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், ஒரே பந்தியில் உட்கார்ந்து, ஒரே அண்டாவில் வெந்த ஆட்டுக்கறிக் குழம்பைச் சாப்பிடுகிற நாள் அது. கத்தரிக்காயை எப்போது போடுவது, தீயை எப்போது இழுப்பது என்பதெல்லாம் புகையில் நின்று கண் எரிந்து அவராகத் தெரிந்துகொண்டது.

ஆடு அறுப்பது மேலப்பாளையம் மசூது. அவர் பிஸ்மி என்று அல்லாவின் பேரைச் சொல்லி அறுத்தால்தான் அடுத்த தெரு முஸ்லிம் வீட்டுக்காரர்களும் பந்தியில் உட்கார முடியும். அதற்காகவே பழைய ஆட்கள் செய்துவைத்த ஏற்பாடு. அறுத்து முடித்து, வீட்டுக்குப் போய்க் குளித்து, மகன் சல்மான் ஃபாரிஸைக் கூட்டிக்கொண்டு வருவார் மசூது. அவருக்கு அப்பாத்துரை தன் கையால் பரிமாறுவார். சாப்பிட்ட இலையை எடுப்பதும் அவர்தான். அந்த இலையை வேறு யாரும் தொட விடமாட்டார்.

இந்த வருசம் அதில் கல் விழுந்தது. போட்டவன் அப்பாத்துரையின் மகன் ஹெப்ரான், சபையின் வாலிபர் சங்கத் தலைவன். சில மாதமாக அவன் போனில் எந்நேரமும் சிலுவைப் போர்தான் ஓடியது. நெஞ்சில் சிவப்புச் சிலுவை போட்ட குதிரை வீரர்கள், எரிகிற கோட்டைகள். தாமிரபரணிக் கரைக்குக் கிறிஸ்தவ வேதம் வருவதற்குப் பல நூறு வருசம் முன்னால், எங்கோ நடந்து முடிந்த சண்டை.

“எருசலேமுக்காக நம்ம ஆளுவ எவ்வளவு ரத்தம் சிந்தியிருக்காவ தெரியுமாப்பா?”

“நம்ம ஆளுவன்னா யாருலே? இந்தா பக்கத்துல இருக்க நாசரேத்துக்காரவியளா, மெஞ்ஞானபுரத்துக்காரவியளா?”

ஹெப்ரான் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் சபைக் கமிட்டியில் எழுந்து, வேற பேரைச் சொல்லி அறுத்த கறியைக் கோயிலில் சாப்பிடக்கூடாது என்றான். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. ஓரத்தில் உட்கார்ந்திருந்த அப்பாத்துரையும் பேசவில்லை. வேறு ஆள் வைத்து அறுப்பதென்று முடிவாயிற்று.

மசூது இல்லாத பந்தியை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்.

“ஒரு ஆட்ட மட்டும் உம்ம வீட்டுலயே அறுத்துக் கொண்டாரும் வே,” என்று மசூதிடம் போய்ச் சொன்னார்.

“மத்த ஆடு?”

“அதுக்கு ஆள் பாத்திருக்கு.”

மசூது அவர் முகத்தைப் பார்த்தார்.

அசனத்தன்று கறி வந்தது. அப்பாத்துரை அதைச் சின்ன அண்டாவில், அதே பக்குவத்தில் வைத்தார். கரண்டி மாறிவிடக் கூடாதே என்று வேப்பமரத்தடியில் தனியாக ஒரு பந்தியும் விரித்தார். வாசலில் வாலிபர் சங்கத்து பேனர். அதில் வாளை ஓங்கிய குதிரை வீரன். அதைப் பார்த்துவிட்டே அடுத்த தெரு முஸ்லிம் வீட்டுக்காரர்கள் பலர் திரும்பிப் போனார்கள். மசூது மட்டும் உள்ளே வந்தார்.

“சல்மானை எங்க வே?”

“வரமாட்டேன்னுட்டான். அவனும் போன்ல இதே சண்டையத்தான் பாக்கான். என்ன, அதுல எங்க ஆளுவ ஜெயிக்காவ.”

இருவரும் சிரித்தார்கள். பிறகு மசூது அண்டா இரண்டையும் பார்த்தார்.

“இது எங்களுக்குன்னு தனியா வே?”

“நீரு சாப்பிடணும்லா. அதுக்காகத்தான்.”

“சரிதான்.”

ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார் மசூது. அப்பாத்துரை இலையை எடுக்கக் குனிந்தார். மசூது கையை நீட்டித் தடுத்தார்.

“இருக்கட்டும். என் இலைய நானே எடுத்துக்கிடுதேன்.”

இலையை மடித்து எடுத்துக்கொண்டு, குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கை கழுவினார். “ருசி குறையல வே,” என்று சொல்லிவிட்டு, பேனரைத் தாண்டிப் பைய நடந்து போனார்.

கொஞ்ச நேரத்தில் ஹெப்ரான் ஓடி வந்தான். “எப்பா, பெரிய அண்டாவுல குழம்பு தீந்துட்டு. கடைசிப் பந்தி சோத்தோட காத்துக் கெடக்கு.”

சின்ன அண்டா அப்படியே நிறைந்து கிடந்தது. அப்பாத்துரை கரண்டியை மகன் பக்கம் நீட்டினார்.

“இதுல இருக்கு. நீயே ஊத்து.”

ஹெப்ரான் அண்டாவைப் பார்த்தான், பந்தியைப் பார்த்தான். கரண்டியை வாங்கவில்லை.

கடைசிப் பந்திக்கு ரசம்தான் போயிற்று.