'வா'வில் நின்றுபோன வாழைப்பழம்

சிங்கப்பூர் பொங்கோல் வட்டாரத்தில், நான் தமிழ் சொல்லித்தரும் துணைப்பாட நிலையத்தில் இன்று ழகர வகுப்பு. காணொளியில் 'வாழைப்பழம்' வரவேண்டிய இடத்தில் வைஃபை திணறி, "வா… வா…" என்றே நின்றது. முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து வந்துவிட்டார்கள்.

"கூப்டீங்களா சார்?"

வகுப்பு முடிந்ததும் மேலாளரிடம் போனேன்.

"அக்கா, இனிமே டவுன்லோட் பண்ணிட்டு வந்துதான் போடுவேன்."

"அடுத்தவங்க வீடியோவ சேவ் பண்ணக்கூடாது லா தம்பி, காப்பிரைட் பிரச்சினை. ஆன்லைன்லதான் காட்டணும்."

"வீடியோ எடுத்த டீச்சர்கிட்ட இப்பதான் கேட்டேன். தாராளமா போடுங்கன்னு ஃபைலையே அனுப்பிட்டாங்க."

"யார் சொன்னாலும் இங்க ரூல் ரூல்தான். கேக்கலன்னா உங்க இடத்துக்கு நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

"பாருங்க. அவருக்கும் இதே வைஃபைதான்."

அடுத்த வாரமும் போவேன், பென்டிரைவோடு. வேலை போனால் போகட்டும். பிள்ளைகளை வாழைப்பழம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத்தான் வெளியே வருவேன்.

ஆசிரியர்களே, உங்கள் வகுப்பு வைஃபை எந்த எழுத்தில் நின்றது?