வூல்காவின் கடைசி முளை

எங்கள் ஊருக்கு வூல்கா என்று பெயர் வைத்தவன் கையில் கிடைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பேன். பல நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே காட்டை வெட்டிக் குடியேறினவர்களுக்கு, சில வருஷத்துக்கு வரியும் கிடையாது, பிரபுவுக்கு வேலையும் கிடையாது என்று சலுகை கொடுத்தார்களாம். அந்தச் சலுகைக்குத்தான் வூல்கா என்று பேர். எங்கள் ஆட்களோ அது இன்னும் நடப்பில் இருப்பதாகவே நினைத்துத் திரிகிறார்கள்.

மாட்டிக்கொண்டவள் ஊர்த்தலைவி கெனோவெஃபா. ஒவ்வொரு தேர்தலிலும் “முழங்கால் போச்சு, ஆளை விடுங்கப்பா” என்று கெஞ்சுவாள். எல்லாரும் அவளுக்கே கை தூக்குவார்கள். மறுநாள் ஓடையைத் தூர் வாரக் கூப்பிட்டால் ஒரு ஈ காக்காய்கூட வராது.

கடை வாசலில் பீரும் கையுமாக நிற்கும் வால்தெமார் சொல்வான்: “இது வூல்கா அக்கா! இங்க யாரும் யாருக்கும் வேலை செய்ய வேண்டியதில்ல.”

சுற்றி நிற்பவர்கள் கெக்கெக்கே என்று சிரிப்பார்கள். அவள் தனியாக உறைபனித் தண்ணீரில் இறங்குவாள். எனக்கு வயிறு எரியும்.

இன்னொரு முறை ஓடையில் இறங்கினால் நடக்கவே முடியாது என்று இந்தக் குளிர்காலம் டாக்டர் அவளிடம் சொல்லிவிட்டார். தீயணைப்புக் கொட்டகையில் தேர்தல் நடந்த அன்று, ஒரே ஒரு மரமுளை அடித்த பிர்ச் மரக் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“என்னக்கா, கோட்டு மாட்டவா?” என்றான் வால்தெமார்.

“அந்தக் காலத்துல சலுகை எத்தனை வருஷமோ அத்தனை முளை அடிச்சு ஊர் நடுவுல நட்டு வைப்பாங்கடா. வருஷத்துக்கு ஒண்ணு பிடுங்குவாங்க. இது உங்க கடைசி முளை.” வெடுக்கென்று பிடுங்கினாள். “தீர்ந்துபோச்சு. வேற தலைவரைப் பாருங்க. நான் வால்தெமார் பேரைச் சொல்றேன்.”

“ஐயோ, நானா?”

அடுத்துத் தன் பேர் வந்துவிடுமோ என்ற பயத்தில் கொட்டகை முழுக்க அவனுக்குக் கை தூக்கியது. அப்படி ஒரு ஒற்றுமையை எங்கள் ஊரில் நான் பார்த்ததே இல்லை, சனியன்கள்!

பனி உருகி ஓடை அடைத்துக்கொண்டது. வால்தெமார் வீடு வீடாகக் கதவு தட்டிவிட்டு, கடைசியில் கெனோவெஃபா வாசலில் வந்து நின்றான். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, ஒரு பய வரமாட்டேங்கிறான். நீங்களாவது வாங்க.”

அவள் கத்தியால் வேலியோரம் காட்டினாள். அங்கே அதே கம்பம் நின்றது, முளை திரும்ப அடிக்கப்பட்டிருந்தது.

“அது என் முளை தம்பி,” என்றாள். “இப்பத்தான் அடிச்சேன்.”