சாமத்தியவீடு என்று நினைத்தேன்

பிராங்பேர்ட்டுக்கு வந்த நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். அந்தப் பழக்கம்தான் என் பிழையைக் காட்டித்தந்தது.

கோடை விடுமுறைக்கு ஒன்பது நாள் இருந்தது. மேல்மாடியில் வசிக்கும் மேற்கு ஆப்பிரிக்கச் சிறுமி மரியாமா, "ஊரில் எனக்குக் கொண்டாட்டம். நான் பெரிய பெண் ஆகப்போகிறேன்" என்று டொச்சு மொழியில் சொன்னாள். நம் ஊரில் பெண் பூப்படைந்ததும் செய்யும் சாமத்தியவீடு போல என்று நினைத்து, வாழ்த்தி ஒரு காப்பும் போட்டுவிட்டேன்.

மாலையில் அதை எழுதும்போது கணவர் எட்டிப் பார்த்தார்.

"அந்தப் பிள்ளைக்கு எத்தினை வயசப்பா?"

பழைய பக்கங்களைப் புரட்டினேன். அவளுடைய பிறந்தநாளுக்கு வடை கொடுத்தது இருந்தது. வயது ஏழு.

"ஏழு வயசில என்ன சாமத்தியம்?"

சிறுமிகளின் பெண்ணுறுப்பை வெட்டும் வழக்கத்தைப் பற்றி வாசித்திருக்கிறேன். அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. உடனே மாடியேறினேன். தாய் ஃபாத்து பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். நேராகவே கேட்டேன்.

"எனக்கும் அந்த வயதில்தான் செய்தார்கள்," என்றாள். "இவளைப் பெறும்போது சாகக் கிடந்தேன். ஆனால் ஊரில் இவளின் அப்பாவுடைய அக்கா, என் மச்சாள், எல்லாம் ஒழுங்கு செய்துவிட்டா."

மறுநாள் பெண்களுக்கான ஆலோசனை நிலையத்துக்கு ஃபாத்துவோடு போனேன். வெளிநாட்டில் செய்தாலும் இங்கே குற்றம், கூட்டிப்போகும் பெற்றோரும் சிறை செல்ல நேரலாம் என்றார்கள். ஊராருக்குக் காட்ட, இந்தச் சட்டத்தை விளக்கும் ஒரு பாதுகாப்புக் கடிதமும் தந்தார்கள். ஃபாத்து அதை வாசித்துவிட்டுப் பயணத்தையே நிறுத்தினாள். மச்சாள் இன்றுவரை அவளோடு பேசுவதில்லை.

மரியாமாவுக்கு எட்டு வயதாகிவிட்டது. காப்பு கையில் இறுகிவிட்டது. இப்போதெல்லாம் யார் கொண்டாட்டம் என்றாலும், என்ன கொண்டாட்டம் என்று கேட்ட பிறகுதான் வாழ்த்துகிறேன்.